பூ அல்ல, புல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில், சீன நாவல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். செடி, பறவை உவமைகளை வாசகருக்குப் பழக்கமானதாக மாற்றிக்கொள்வதில் தப்பில்லை என்கிறார் கட்டுரையாளர். முப்பது வருஷம் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

சாவ் சுவெச்சின் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘சிவப்பு மாளிகையின் கனவு’ நாவலையே எடுத்துக்கொள்கிறேன். நாயகி லின் தாய்யூ முற்பிறவியில் தேவலோக ஆற்றங்கரையில் முளைத்த செம்முத்துப் புல். தினமும் பனிநீர் வார்த்து அதை ஒருவன் வளர்க்கிறான். அந்தக் கடனை ஆயுள் முழுக்கக் கண்ணீராலேயே அடைக்க அவள் பூமியில் பிறக்கிறாள். 1973இல் வந்த ஆங்கில முதல் பாகத்தில் டேவிட் ஹாக்ஸ் இந்தப் புல்லைப் பூவாக்கிவிட்டார். இன்னோர் ஆங்கில மொழிபெயர்ப்பான யாங் தம்பதியின் பெய்ஜிங் பதிப்பில் ‘செடி’ என்றாவது இருக்கிறது.

சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் இதைக் கேட்டேன். மளிகை ரசீதின் பின்பக்கத்தில் மரம் என்ற எழுத்தை எழுதினார். பக்கத்திலேயே அதை இன்னொரு தடவை எழுதி, “இதுதான் லின், காடு” என்றார். அதுதான் நாயகியின் குடும்பப் பெயர். மூலத்தில் உள்ள செடிச் சொல்லையும் விளக்கினார். புல்லுக்கும் அதே சொல், சின்னப் பூண்டுக்கும் அதே சொல். நாம் ‘புல்பூண்டு’ என்கிறோமே, அதுவேதான்!

28ஆம் அத்தியாயத்தில் அரண்மனையிலிருந்து திருநாள் பரிசு வருகிறது. தாய்யூ உயிராக நினைக்கும், வாயில் மணியோடு பிறந்த பாவ்யூவுக்கும், பொன் பதக்கம் அணிந்த பாவ்சாய்க்கும் ஒரே மாதிரிப் பரிசு; இவளுக்குக் குறைச்சல். பொன்னும் மணியும் உள்ளவர்களோடு எனக்கு என்ன, நாங்கள் வெறும் புல்லும் மரமும்தானே என்று வெடிக்கிறாள். முற்பிறவியும் குடும்பப் பெயரும் அந்த இரண்டு சொல்லில் வந்து நிற்கின்றன. பூ என்று படித்து வந்தவருக்கு இது எப்படிப் பிடிபடும்?

அதே ஹாக்ஸ் இன்னோர் இடத்தில் செய்தது மிகச் சரி. தாய்யூவின் பணிப்பெண் பெயரில் இருப்பது குக்கூ பறவை. ரத்தம் கக்கி அழும் பறவை என்பது சீனர்களின் பழங்கதை. ஆங்கிலத்தில் குக்கூ என்றால் கிறுக்கு என்றும் அர்த்தம் வந்துவிடும். அதனால் அவளுக்கு நைட்டிங்கேல் என்று பெயர் வைத்தார். அங்கே அதுதான் சோகம் பாடும் பறவை. தமிழில் குயில் என்று போட்டாலும் சரிவராது, நமக்குக் குயில் என்றாலே இனிய குரல்தான். அன்றில் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் புல்லை மாற்ற நமக்குத் தேவையே இல்லை. ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்று தொல்காப்பியம் அந்த ஜோடியை அப்படியே வைத்திருக்கிறது. இந்த நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: முதல் அத்தியாயத்தில் பூ என்று போட்டுவிடாதீர்கள். 28ஆம் அத்தியாயத்தில் அந்தப் பெண்ணுக்குப் புல் வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கும்பகோணம்