நிழற்குடையும் நம் தெருவும்

ரங்கூன்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மூட்டுவலியால் உடனே உட்கார்ந்து எழுத முடியவில்லை. மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறான்.

நீ அனுப்பிய பேருந்து நிழற்குடைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒழுகுகிறது என்கிறாய். எம்.எல்.ஏ. பெயர் மட்டும் அழியாமல் இருக்கிறது. கீழே ‘மதிப்பீடு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தொகை இருக்க வேண்டிய இடத்தில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது.

இப்படிப்பட்ட வேலைகளுக்கு எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 234 தொகுதிக்கும் வருடத்துக்கு 3 கோடி என்றால் 702 கோடி. அந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு நேராக வருவதில்லை என்பது எனக்கும் தெரியும். அவர் வேலையைப் பரிந்துரைக்கிறார், அதிகாரிகள் செய்து முடிக்கிறார்கள். ஆனால் எந்தத் தெருவுக்கு, என்ன வேலை என்பது அவர் விருப்பம். அங்கேதான் காண்ட்ராக்டர் வந்து நிற்கிறான். எம்.பி.க்களுக்கு இதே மாதிரி நிதி 1993-இல் தொடங்கியது. 2005-இல் சிலர் அதில் கமிஷன் பேசியதை ஒரு தொலைக்காட்சி ரகசியமாகப் படம்பிடித்துக் காட்டியது. இந்த நிதியையே நிறுத்திவிடலாம் என்று 2007-இல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2010-இல் திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது.

இங்கே பர்மாவிலும் அப்படி ஒரு நிதி வந்தது. 2013 வாக்கில் நகரியம் (நம் ஊர் தாலுகா மாதிரி) ஒன்றுக்கு 10 கோடி சாட் (இங்கத்திப் பணம்) என்று ஒதுக்கினார்கள். 330 நகரியம் இருக்கிறது, பெருக்கிப் பார்த்துக்கொள். மத்திய மன்ற உறுப்பினர்களும் மாநில மன்ற உறுப்பினர்களும் சேர்ந்து வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு அதில்தான் சாலை போட்டார்கள். ஜல்லி போட்டபோது எல்லோரும் கை கூப்பி நன்றி சொன்னோம், நானும் சொன்னேன். அடுத்த மழைக்கே அது பெயர்ந்துவிட்டது. எவ்வளவு செலவானது என்று கேட்கப் போனேன். “உங்களுக்காகச் செய்து கொடுத்தாரே, அவரிடமே போய்க் கணக்கு கேட்கிறீர்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரரே என்னைக் கடிந்துகொண்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அது இன்னும் மனசில் கிடக்கிறது, முத்து. நம் வரிப்பணம் அவர் கொடுத்த தானம் ஆகிவிட்டது. அரசாங்கத்தைக் கணக்குக் கேட்கத்தான் அவரை மன்றத்துக்கு அனுப்பினோம். செலவு செய்கிறவரும் அவரே என்றால் அவரை யார் கேட்பது?

நம் கோயிலில் ஆடிக் கஞ்சிக்கு வசூல் செய்வது உனக்கு நினைவிருக்கும். இன்றைக்கும் அரிசி இவ்வளவு, விறகு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று எழுதி மறுநாளே மண்டபச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். அப்படி எழுதுவதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் வந்ததில்லை.

இங்கே யாருமே மாட்டியதில்லை என்றும் சொல்ல முடியாது. தெற்கே தெனாசரிம் முதலமைச்சராக இருந்த லே லே மோ அம்மையாரை 2019-இல் லஞ்ச வழக்கில் கைது செய்தார்கள். 2020 மே மாதம் 30 வருடத் தண்டனை கொடுத்தார்கள். ஆட்சியில் இருந்த கட்சியே தன் முதலமைச்சர்மேல் வழக்கு நடக்க விட்டது என்று அன்றைக்கு எனக்கு நம்பிக்கை வந்தது. 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றம் கூடவே இல்லை. சாலைக் கணக்கைக் கேட்க அந்த உறுப்பினரும் இல்லாமல் போனார்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். “எல்லாம் இப்படித்தான், விடு” என்று நீ எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடு. மதிப்பீடு எவ்வளவு, எந்தக் காண்ட்ராக்டர், வேலை முடிந்ததும் யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், இந்த மூன்றையும் கேள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உன் மருமகனைக் கூட்டிக்கொண்டு போ.

அப்புறம், கமலாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததா? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். மனுவுக்குப் பதில் வந்ததும் அந்தத் தொகையை எனக்கு எழுது.

அன்புடன்,
சுப்பையா