அப்பாவின் காலுக்காக ஓடித் திரிந்தவர்களுக்கு

ஒட்டுசுட்டான் உறவுகளுக்கும், யாழ்ப்பாணத்தில் அப்பாவைப் பார்த்த வைத்தியர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பா இப்போது பொல்லை ஊன்றிக்கொண்டு வாய்க்கால் வரை நடக்கிறார். இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது, கால் இருக்கிறது.

முதல் நன்றி கிளினிக் தாதி மிஸ்ஸிக்கு. கொஞ்சத் தூரம் நடந்தால் கெண்டைக்கால் உளைவதும், நின்றால் விடுவதும் வயதுக்கோளாறு என்றே அப்பா சொல்லிவந்தார். இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால்தான் நித்திரை வருகிறது என்று பேச்சுவாக்கில் சொல்ல, மிஸ்ஸி செருப்பைக் கழற்றச் சொல்லி, புறங்காலில் இரண்டு விரலை வைத்து நாடி தேடினார். வலதில் துடித்தது. இடதில் ஒன்றுமில்லை. அன்றைக்கே யாழ்ப்பாணத்துக்குத் துண்டு எழுதுவித்தார். கணுக்காலின் பிரஷரைக் கையின் பிரஷரால் வகுத்தால் 0.9க்குக் குறையக்கூடாதாம், அப்பாவுக்கு 0.4கூட இல்லை. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைத்துவிட்டது. சுருட்டும் சீனி வருத்தமும் சேர்ந்து செய்த வேலை.

அப்புறம் லண்டன் மச்சான். நனோ மருந்தால் காலில் புது இரத்தக்குழாய் முளைக்கிறதாம் என்று ஒரு வீடியோவையும், அதற்கென்று காசையும் அனுப்பினார். அப்பாவை இந்தியாவுக்குக் கொண்டுபோகலாம் என்று ஊரே பேசியது. அதை நிறுத்தியவன் பக்கத்து வீட்டுத் தம்பி, மருத்துவபீட மாணவன். முற்றத்தில் இருந்து விளக்கினான். புதுக்குழாய் முளைக்கத் தூண்டும் ஒரு புரதம் உடம்பிலேயே இருக்கிறது. அதை வெறுமனே ஊசியில் ஏற்றினால் கெதியில் கரைந்துவிடும். மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். புரதத்தை நனோமீற்றர் கணக்கில் அளக்கும் துணிக்கைக்குள் வைத்தால் பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தார் அந்தப் புரதம் போலவே நடிக்கும் நனோ இழைகளைச் செய்து, நாடி அடைத்த எலிக்கால்களில் இரத்தோட்டம் கூடியதை 2011இல் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான்.

“ஆனா அக்கா, அது இளம் எலி. சீனியுமில்லை, சுருட்டுமில்லை. ஐயாவின்ர விரல் கறுக்குது. இப்ப வேண்டியது பலூன்.”

அதே புரதத்தின் மரபணுவை நோயாளிகளுக்கு ஊசியில் ஏற்றிய பழைய சோதனை ஒன்று பலன் தரவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னான். ஆசை காட்டுவது லேசு. இருபது வயசுப் பிள்ளை பெரியவர்கள் முன்னால் ‘வேண்டாம்’ என்றது பெரிய காரியம். அடுத்த நாளே அப்பாவை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினோம். நாடிக்குள் கம்பி விட்டு, பலூனை ஊதி, அடைப்பை விரித்தார்கள். தப்பாத விரல்களை மட்டும் எடுத்தார்கள்.

விடியப்புறம் வான் கொண்டுவந்து டீசல் காசுகூட வாங்காத அண்ணைக்கும், வார்ட்டில் மாறி மாறி நின்ற பெடியளுக்கும், புண்ணுக்கு மருந்து கட்ட வீட்டுக்கே வந்த தங்கச்சிக்கும் நன்றி. சுருட்டுப் பெட்டியை ஒளித்துவைத்த சித்திக்குத் தனியாக ஒரு நன்றி. அப்பா இன்னும் அவவோடு கதைப்பதில்லை.

மச்சான் அனுப்பிய காசில் போக்குவரத்துக்கும் மருந்துக்கும் விசேட சப்பாத்துக்கும் போக மிச்சம் மாதர் சங்கத்தில் இருக்கிறது. கால் வருத்தத்துக்கு யாழ்ப்பாணம் போகவேண்டிய எவரும் கேட்டு வாங்கலாம். கணக்குக் கொப்பி எங்கள் வீட்டில்.