ஆயுதமற்ற சிறு விமானங்களும் போரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு உள்ளானதை நினைவுகூர்ந்து தங்கள் பத்திரிகை வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சண்டை விமானங்களைப் பற்றி விரிவாக எழுதிய கட்டுரையாளர், இரண்டாம் உலகப் போரின் சிறு வேவு விமானங்களையும் தொடர்பு விமானங்களையும் ஆயுதமற்றவை, ஆகவே தீங்கற்றவை என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அத்தகைய சிறு வேவு விமானங்களுள் ஒன்றான அமெரிக்காவின் பைப்பர் எல்-4, உருக்குக் குழாய்ச் சட்டகத்தின்மேல் துணி போர்த்தி, 65 குதிரை வலு இயந்திரம் பொருத்தியது. வயல்வெளியிலும் தெருவிலும் இறங்கக்கூடியது. அதில் இருந்தவரின் ஆயுதம் வானொலிக் கருவியே. முதற் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து, இன்னும் இடப்பக்கம், இன்னும் தூரம் என்று அவர் சொல்லச் சொல்ல, கண்ணுக்கெட்டாத் தொலைவில் மறைந்திருந்த பீரங்கிகள் குறியைத் திருத்திக்கொண்டன. இதை அறிந்த எதிரிப் பீரங்கிப் படையினர், அவ்விமானம் வானில் சுற்றும்வரை, தம் இருப்பிடம் வெளிப்பட்டுவிடும் என்றஞ்சிச் சுடாமல் இருந்ததுண்டு. பர்மாவில் ஓஸ்டர் விமானங்களுடன் பணியாற்றிய பிரித்தானிய 656 ஆம் ஸ்குவாட்ரனின் விமானிகள் பீரங்கிப்படை அதிகாரிகளாக இருந்தமைக்கும் இதுவே காரணம். வன்னியில் போர்க்காலத்தில் ‘வண்டு’ என்று நாம் அழைத்த ஆளில்லா வேவு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய எம்மக்களுக்கு, மேலே நின்று பார்ப்பது மட்டுமே செய்கின்ற ஒன்று தீங்கற்றது என்று எவரும் சொல்லிவிட முடியாது.

அதே சிறு விமானங்கள் உயிர்களைக் காத்தும் இருக்கின்றன. 1943 இல் பர்மாக் காட்டுக்குள் ஜப்பானியப் படைகளின் பின்புறம் ஊடுருவிச் சென்ற, சிண்டிட் எனப்பட்ட பிரித்தானியச் சிறப்புப் படையினர், நடக்க இயலாத காயக்காரரை வழியிலேயே விட்டுவர நேர்ந்தது. மறு ஆண்டு அவர்கள் மீண்டும் சென்றபோது, காட்டை வெட்டி அமைத்த குறுகிய ஓடுபாதைகளில் ஸ்டின்சன் எல்-5 போன்ற விமானங்கள் இறங்கி, காயக்காரரைச் சிறிது சிறிதாக ஏற்றிச்சென்று, பெரிய டகோட்டா போக்குவரத்து விமானங்கள் காத்திருந்த தளங்களில் சேர்த்தன. துப்பாக்கி ஏதும் பொருத்தப்படாத விமானத்தில், எதிரியின் துப்பாக்கி எட்டும் உயரத்தில், நாள்தோறும் இதைச் செய்த விமானிகளின் துணிவு சண்டை விமானிகளின் துணிவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

அடுத்த ஏப்ரல் மாதச் சிறப்புப் பக்கத்தில் இவ்விமானங்களுக்கென ஒரு தனிக் கட்டுரை வெளியிடுமாறும், கட்டுரையாளரின் அவ்வரியைத் திருத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.