வட்டத்துக்குள் ஒரே ஒரு புள்ளியா?

ஆசிரியருக்கு,

போன வாரம் மாணவர் பக்கத்தில் வந்த செல் படத்தைப் பார்த்தேன். மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்பைக்கூட விடாமல் வரைந்தவர், செல்லின் உட்கருவான நியூக்ளியஸுக்கு வந்ததும் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி என்று முடித்துவிட்டார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் நானும் பல வருஷம் போர்டில் அதே வட்டத்தைப் போட்டவன்தான், அதனால் அவரை ரொம்பக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அந்தப் புள்ளி நியூக்ளியோலஸ். புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான ஆர்.என்.ஏ., ஜீனிலிருந்து படியெடுக்கப்படுவது அங்கேதான், மனிதரில் 13, 14, 15, 21, 22 ஆகிய குரோமோசோம்களில் நூற்றுக்கணக்கில் கிடக்கும், அந்த ஆர்.என்.ஏ.வுக்கான ஜீன் நகல்களைச் சுற்றித்தான் அது உருவாகிறது. அதற்குச் சவ்வே கிடையாது. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் இரண்டு முட்டிக்கொண்டால் ஒன்றாகிவிடும் இல்லையா, தவளை முட்டைச் செல்லில் நியூக்ளியோலஸ்களும் அப்படியே கலப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, அது மட்டுமாவது படத்தில் இருந்தது. நியூக்ளியஸுக்குள் இருக்கும் மற்றப் பொட்டுகள்? ஒரு செல்லில் 20 முதல் 50 வரை இருக்கும் ஸ்பெக்கிள் என்ற பொட்டுகளில், படியெடுத்த ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் சாமான்கள் குவிந்திருக்கும், மும்முரமாக வேலை செய்யும் ஜீன்கள் பல அவற்றை ஒட்டியே இருக்கின்றன. அப்புறம் கஹால் பொட்டு. ஸ்பெயின் விஞ்ஞானி ராமோன் இ கஹால் 1903-லேயே நரம்புச் செல்களுக்கு வெள்ளிச் சாயம் ஏற்றி அதைப் பார்த்துவிட்டார், ஆனால் அது அவர் பெயரைப் பெற்றதோ 1999-ல். வெட்டி ஒட்டும் கருவிக்கான சிறு ஆர்.என்.ஏ.க்கள் அங்கே போய்த்தான் பக்குவமாகின்றன, அவற்றைத் தரும் ஜீன்களும் அந்தப் பொட்டின் அருகிலேயே வந்து கூடுகின்றன.

குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி என்று அடிக்கடி செய்தி வருமே, அந்தத் தண்டுவடத் தசைச் சிதைவு நோயில் குறைவது எஸ்.எம்.என். என்ற புரதம். ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் அந்தக் கருவியின் பாகங்களைச் சேர்த்துக் கட்டுவது அதன் முக்கிய வேலை, அது நியூக்ளியஸுக்குள் சேர்ந்திருப்பதும் இந்தக் கஹால் பொட்டுகளை ஒட்டித்தான். நோய் உள்ளவர்களின் செல்லில் அந்தப் புரதம் சேரும் பொட்டுகளின் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. ஊசியின் விலையை எழுதும்போது இதற்கும் நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

பெயர் போட இடம் இல்லையென்றால் பரவாயில்லை, அடுத்த முறை அந்த வட்டத்துக்குள் இன்னும் பத்துப் பொட்டாவது வைக்கச் சொல்லுங்கள். என்ன என்று பிள்ளைகள் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார், திருநெல்வேலி