பாப்பா ஃபெயில் ஆகவில்லை, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ, மாமா, சின்னவன், அம்மா எல்லோரும் நலமா? நீ கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடும் மிளகாய்த்தூளும் கடிதமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. "பிள்ளை கணக்கில் ஃபெயிலாகி இருக்கிறாள், நீ ஃபோனில் மூச்சே விடவில்லையே" என்று கேட்டிருக்கிறாய். உன் தம்பி மனைவி உன்னிடம் பாதியைச் சொல்லி வைத்துவிட்டாள் போலிருக்கிறது. அதைக் கேட்டு அம்மா வேறு சரியாகச் சாப்பிடுவதில்லையாம். முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல். பாப்பா ஃபெயில் ஆகவில்லை.

நம்ம ஊரில் ஆறாவது என்றால் எல்லோருக்கும் ஒரே கணக்குப் புத்தகம். எண்கள், இயற்கணிதம், வடிவியல் எல்லாம் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள்ளேயே வந்துவிடும். இங்கே அமெரிக்காவில் ஆறு, ஏழு, எட்டு மூன்றும் மிடில் ஸ்கூல். பாப்பா பள்ளியில் ஆறாவது முடிகிற சமயத்தில் ஒரு தேர்வு வைத்து, டீச்சரையும் ஒரு வார்த்தை கேட்டு, பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் ஏழாவதில் ஏழாம் வகுப்புக் கணக்கு, எட்டாவதில் எட்டாம் வகுப்புக் கணக்கு என்று போய், ஒன்பதாவதில் அல்ஜீப்ரா முதல் பாகம், அதாவது நம்ம இயற்கணிதம், எடுப்பார்கள். மீதிப் பேர் ஏழு, எட்டு இரண்டையும் ஒரே வருஷத்தில் சுருக்கிப் படித்துவிட்டு எட்டாவதிலேயே அல்ஜீப்ரா.

அப்புறம் ஜியாமெட்ரி என்கிற வடிவியல், அல்ஜீப்ரா இரண்டாம் பாகம், கால்குலஸுக்குத் தயார் செய்கிற ப்ரீ-கால்குலஸ், கடைசியில் கால்குலஸ் என்கிற நுண்கணிதம் என்று வருஷத்துக்கு ஒரு பாடம். விரல் விட்டு எண்ணிப் பார். எட்டாவதில் அல்ஜீப்ரா எடுத்த பிள்ளை பன்னிரண்டாவதில் கால்குலஸுக்கு வந்துவிடும். ஒன்பதாவதில் எடுத்த பிள்ளை ப்ரீ-கால்குலஸோடு நிற்கும். நடுவில் கோடை லீவில் ஒரு பாடம் படித்தோ, ஒரே வருஷத்தில் இரண்டு பாடம் எடுத்தோ எட்டிப் பிடிக்கலாம். பாப்பாவை ஏழாவதில் ஏழாவது கணக்கே படி என்று சொல்லியிருக்கிறார்கள். நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் இங்கே இருக்கும் நம்ம ஆட்களுக்கு இது வீட்டில் எழவு விழுந்த மாதிரி. கோயிலில் பார்த்தால்கூட "உங்க பொண்ணு எந்த மேத்ஸ்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நம்ம ஊரிலும் பிரிக்கிறார்கள்தான், ஆனால் பத்தாவது முடித்து க்ரூப் எடுக்கும்போது. பதினோரு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, பன்னிரண்டாவதில் என்ன படிப்பாய் என்று முடிவு செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காக எல்லோரையும் ஒன்றாகக் கட்டி வைத்தாலும் ஒத்துவரவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2014-ல் எட்டாவதில் அல்ஜீப்ராவே கிடையாது, எல்லோருக்கும் ஒன்பதாவதில்தான் என்று மாற்றினார்கள். பத்து வருஷம் சண்டை. கடைசியில் 2024 மார்ச்சில் ஊர் ஜனமே ஓட்டுப் போட்டுத் திரும்பக் கேட்டது.

பாப்பா தேர்வில் கோட்டை விட்ட இடத்தைக் கேள். முக்காலை அரைக்காலால், அதாவது எட்டில் ஒன்றால், வகுக்க வேண்டும். நம்ம முறைப்படி புரட்டிப் பெருக்கி ஆறு என்று எழுதிவிட்டாள். விடை சரி. "ஏன் ஆறு? படம் வரைந்து விளக்கு" என்று கீழே கட்டம் போட்டிருந்தது, அதைக் காலியாக விட்டுவிட்டாள். அந்த மாதிரி நிறைய கட்டம். இங்கே விடைக்குக் கொஞ்சம் மார்க்கு, விளக்கத்துக்குத்தான் மீதி.

இதெல்லாம் எனக்கு உடைத்துச் சொன்னது எதிர்வீட்டுக் கிழவர். ஏப்ரல் பிறந்தும் இங்கே பனி விடவில்லை. விடியற்காலையில் எழுந்து பனி உருகுவதற்காகத் தன் வாசலுக்கும் என் வாசலுக்கும் சேர்த்து உப்புப் போடுவார், கேட்டால் பதில் சொல்ல மாட்டார். நீ அனுப்பிய கருவாட்டை வறுத்தேன் பார், புகை மணி அலறி, கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார். வீடு எரியவில்லை என்று தெரிந்ததும் போகவில்லை, மேஜையில் கிடந்த பாப்பாவின் விடைத்தாளை எடுத்துப் படிக்க உட்கார்ந்துவிட்டார். எட்டாவதுக்குக் கணக்கு எடுத்து ரிட்டயர் ஆனவராம். அல்ஜீப்ராவில் விழுகிற பிள்ளைகளில் பாதி பின்னத்தில் விழுந்த பிள்ளைகள்தான், அவசரப்படுத்தாதே என்றார். கருவாட்டை மட்டும் தொடவில்லை.

அவர் எதிரிலேயே பாப்பாவுக்குக் காட்டினேன். இங்கே காபித்தூள் கரண்டி எட்டு போட்டால் ஒரு கப் நிறையும், நம்ம படிக்கு எட்டு ஆழாக்கு மாதிரியே. முக்கால் கப் அரிசியைக் கொட்டி, கரண்டியால் அள்ளி அள்ளி வைக்கச் சொன்னேன். ஆறாவது கரண்டியில் கப் காலி. "அவ்வளவுதானாப்பா?" என்றாள்.

அம்மா ஆழாக்கைத் தலைதட்டி அளந்துவிட்டு, கடைசியில் ஒரு பிடி சும்மா போடுவாளே, அது ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமா காசிமேட்டிலிருந்து வஞ்சிரத்தோடு வருவார், நீ வாசலிலேயே விலை கேட்டுச் சண்டை பிடிப்பாய், தெருவே எட்டிப் பார்க்கும். இங்கே ஞாயிறு மதியம் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது. எனக்கு அங்கே வந்து ஒரு மாசம் சும்மா திண்ணையில் உட்கார வேண்டும், அக்கா. சரி, விடு.

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். அவனும் ஜூனில் ஏழாவது. காசு கொட்டி கோச்சிங் எல்லாம் வேண்டாம். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதே. லீவில் அந்தப் பின்னக் கணக்கை மறுபடி போடச் சொல். ஏழாவதில் நேர் விகிதம், எதிர் விகிதம் வரும், அதைப் புரிந்து படிக்கட்டும். இங்கேயும் ஏழாவதில் விகிதம்தான் பெரிய பாடம். பாப்பாவையும் ட்யூஷனில் சேர்க்கவில்லை. இடம் ரொம்ப தூரம், ஓவர்டைமும் இப்போது இல்லாததால் சாயங்காலம் நானே சொல்லித்தர நேரம் கிடைக்கிறது. ஒரு காரை விற்றுவிட்டோம், ஒன்றே போதும் என்று தோன்றியது.

அம்மா கண்ணுக்கு எழும்பூர் கண் ஆஸ்பத்திரியிலேயே காட்டு. நல்ல டாக்டர்கள், தனியாரில் போய் எதற்கு? இந்த மாசப் பணம் பதினைந்து தேதிக்கு மேல்தான் வரும், பேங்கில் ஏதோ தாமதம். சீட்டை ஆடி வரைக்கும் தள்ளாமல் இந்த மாசமே எடுத்துவிடு. அவசரம் ஒன்றும் இல்லை, சும்மாதான் சொல்கிறேன்.

பெரியப்பா மகன் வீட்டு விஷயமாகக் கையெழுத்துக் கேட்டு வந்தால் போடாதே, அம்மாவையும் போட விடாதே. மாடிப்போர்ஷன் யாருக்கு என்று தாத்தா எழுதிய பத்திரத்தில் இருக்கிறது. பீரோவின் மேல்தட்டில் மஞ்சள் பையில் கிடக்கும். எல்லாப் பக்கத்தையும், பின்பக்க முத்திரை தெரிகிற மாதிரி, மாமாவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். நான் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன். அதுவரை அவனோடு வாய்ச்சண்டைக்குப் போகாதே.

இப்படிக்கு,
உன் தம்பி