செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தீபாவளிக்கு முதியோர் இல்லத்துக்கு அன்பளிப்புக் கொடுத்தோம். செயலவை தவறாமல் கூடியது.

இந்த ஆண்டின் பெரிய வேலை, ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற பிரிட்டிஷ் விமானி அடக்கமாகியிருக்கும் தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போன பயணம். "வெள்ளைக்கார விமானிக்காகச் சங்கப் பணத்தைச் செலவழிக்கணுமா?" என்று வாட்சாப்பில் சிலர் கேட்டார்கள். அதற்குப் பதில் இந்த அறிக்கையிலேயே பதிவாகட்டும்.

1941 டிசம்பர் 9. ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோராவிலும் கரையிறங்கி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. சிங்கோரா விமானத்தளத்தைத் தாக்க நம் பட்டர்வொர்த்திலிருந்து பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் புறப்படத் தயாராக நின்றன. விமானப்படை அதிகாரி (ஸ்குவாட்ரன் லீடர்) ஸ்கார்ஃபின் விமானம் மேலே கிளம்பிய அதே நேரம் ஜப்பானிய விமானங்கள் பாய்ந்து வந்து, தரையில் நின்ற மற்ற விமானங்களைப் பறக்கவிடாமல் செய்துவிட்டன. அவர் அத்தோடு திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தன்னந்தனியாகப் போய்க் குண்டு போட்டார். எதிரி விமானங்கள் விடாமல் சுட்டதில் இடது கை நொறுங்கியது, முதுகிலும் பெரிய காயம். நினைவு வருவதும் போவதுமாக இருந்தவரை, உடன் சென்ற இருவரில் ஒருவர் பின்னால் நின்று சாயாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலும் அலோர் ஸ்டார் வரை ஓட்டிவந்து, சக்கரங்களை இறக்காமலே நெல் வயலில் விமானத்தை இறக்கினார். உடன் வந்தவர்களுக்குக் காயமில்லை. அந்த ஊர் மருத்துவமனையில்தான் அவர் மனைவி தாதியாக வேலை பார்த்தார். அங்கேயே ஸ்கார்ஃபின் உயிர் பிரிந்தது. வயது 28. மலாயா விழுந்த குழப்பத்தில் விவரம் வெளியே வராமல், 1946 ஜூனில்தான் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை அவருக்கு அறிவித்தார்கள்.

இது நம் ஊரிலிருந்து புறப்பட்ட கதை. அதே மாதம் வெள்ளையர்கள் தங்கள் ஆட்களை மட்டும் பினாங்கிலிருந்து கப்பலேற்றிவிட்டு, குண்டுவீச்சில் நம்மவர்களைக் கைவிட்டுப் போனதையும் பயணத்தில் பேசியபோது நான் மறைக்கவில்லை. பினாங்கின் ஃபோர்ட் கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி, ஊரைக் காக்க முன்னின்றவர் பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு வரலாறு முழுசாகப் போய்ச் சேரும்.

தைப்பிங்கில் ஸ்கார்ஃபின் கல்லில் விக்டோரியா கிராஸ் சின்னம் செதுக்கியிருக்கிறது. அங்கே அடக்கமாகியிருக்கும் 850-க்கு மேற்பட்டவர்களில் 500-க்கு மேல் பெயர் தெரியாதவர்கள். கல்லறைக்கு நடுவே சாலை போகிறது. அதைத் தாண்டினால் இந்தியப் படை வீரர்களின் பகுதி. நம் பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் அதிக நேரம் நின்றார்கள், ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். இதற்காகவே போனது தகும் என்பேன்.

ஆனால் பஸ்ஸில் பாதி இருக்கை காலி. பெயர் கொடுத்தவர்களில் பலர் காலையில் போனைக்கூட எடுக்கவில்லை. ஆள் குறைந்தால் பஸ் வாடகை குறையாது. வராதவர்களில் பெரும்பாலோர் சந்தாவும் கட்டாதவர்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சங்கத்தில் பெயர் வேண்டும், வேலை மட்டும் வேறு யாராவது செய்ய வேண்டும் என்றால் எப்படி?

கணக்கைப் பொருளாளர் விளக்குவார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. பயணத்துக்காகச் சேமிப்பில் கொஞ்சம் எடுத்தோம், நன்கொடை வந்ததால் சமாளித்தோம்.

தலைவர், பொருளாளர், மகளிர் பிரிவினர், மண்டபம் தந்தவர்கள், சமையல் உதவி செய்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு 1941 டிசம்பரைப் பற்றித் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கையேடு போட வேண்டும். தட்டச்சுக்கு ஆள் வேண்டும், படம் எடுக்க ஆள் வேண்டும். தாத்தா பாட்டி வாயால் அந்த நாள்களைப் பற்றிக் கேட்டவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள். செயலாளர் பொறுப்பைத் தொடர எனக்குத் தயக்கமில்லை, ஆனால் தனி ஆளாக இனி முடியாது. சந்தா நிலுவைப் பட்டியல் பொருளாளர் மேசையில் இருக்கிறது; கூட்டம் கலைவதற்குள் தீர்த்துவிட்டால் அச்சகத்துக்கு முன்பணம் கட்டிவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்