தண்டனை எழுதும் முன் மருத்துவர் பார்க்கட்டும்: சிறைத்துறைத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிறைத்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

வியாசர்பாடியில் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லித்தருகிறவன் நான். என்னிடம் பழகியவர்களில் சிலர் இன்று விசாரணைக் கைதிகளாகப் புழல் சிறையில் இருக்கிறார்கள். உள்ளே நடக்கும் கைகலப்புகள் பற்றித்தான் இந்த மடல்.

புதிதாக உள்ளே போகிறவனுக்கு முதல் சில நாட்கள்தான் கண்டம். குடி, கஞ்சா, போதை மாத்திரை எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகிறது. தூக்கம் வராது, கை நடுங்கும், எரிச்சல் தலைக்கேறும். மொடாக்குடியனாக இருந்தவனுக்கு வலிப்பு வரலாம், இல்லாத குரல்கூடக் கேட்கலாம். ஜாமீன் எப்போது என்றும் தெரியாது. பக்கத்தில் படுத்தவன் முறைத்தால் போதும், கை நீண்டுவிடும். பதிவேட்டில் அது ஒழுங்கீனம் என்று ஏறுகிறது.

1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் இதற்குத் தனியறை அடைப்பு, சலுகைப் பறிப்பு என்று தண்டனைகளை அடுக்குகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமோ, சிறை மருத்துவர்கள் அனைவருக்கும் அடிப்படை மனநல சிகிச்சையிலும் அவசர சிகிச்சையிலும் பயிற்சி தரச் சொல்கிறது (31ஆவது பிரிவு). மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவுக்குள் மனநல நிலையம் வேண்டும் என்கிறது (103ஆவது பிரிவு). 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இதே சென்னையில்தானே இருக்கிறது!

நான் கேட்பது ஒரு உத்தரவு. அடிதடி நடந்தால், தண்டனை எழுதும் முன் அந்தக் கைதியை மனநல மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

கோபத்தைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். முறைத்தான் என்றதும் மனசு என்ன சொல்கிறது, அது நிஜம்தானா, அடிக்காமல் எப்படி விலகுவது என்று சின்னக் குழுவாக உட்கார்ந்து பேசிப் பழகுவதுதான் அது. ரிங்கில் நானும் முதலில் கற்றுத்தருவது அடி வாங்கியும் நிதானம் இழக்காமல் நிற்பதைத்தான். ஒருநாள் சொற்பொழிவில் இது வராது. அதே ஆலோசகர், அதே குழு, வாரக்கணக்கில் நடக்க வேண்டும். காவலர்களுக்கும் இந்தப் பயிற்சி தேவை. ராத்திரியெல்லாம் அவர்களும் அதே பிளாக்கில்தான் நிற்கிறார்கள்.

தயவுசெய்து தண்டனையாக மனுவை, அதாவது வீட்டார் வந்து பார்ப்பதை, நிறுத்தாதீர்கள். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு வந்த பையன் அன்றைக்காவது அடங்கியிருப்பான்.

விடுதலையாகும் நாளில், சாப்பிட்டுவந்த மாத்திரையோடு ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதமும் கொடுத்தனுப்புங்கள். கூட்டிப்போக நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர்